துரை வாய் வைத்த கிளாஸ்

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் நான் டைப்பிஸ்ட். பழைய இங்கிலீஷ் கிளாஸ் சேர்ப்பது என் பைத்தியம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் ஒயின் குடித்த, தண்டு வைத்த தடித்த கிளாஸ்கள். பாண்டிச்சேரிப் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒன்பது சேர்த்திருந்தேன்.

நில வழக்குக்காக வந்துபோகும் விவசாயி ஒருவரிடம் இதைப் பற்றி ஒருநாள் உளறிவிட்டேன்.

"எங்க வூட்ல கூட ஒண்ணு கெடக்குது சார். வந்து எடுத்துக்கினு போங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போனார். வேலிக் கம்பில் கவிழ்த்திருந்தது கிளாஸ். அசல். பாய்ந்து எடுக்கப் போனேன்.

"அய்யய்ய, தொடாதீங்க சார்! மலையிலேர்ந்து கரும்பு வெட்ட வர்றாங்களே, அவங்க குடிக்கிறது."

"இதுலயா?"

"தொரை ஒருத்தரு எங்க பாட்டனுக்குக் குடுத்தது. கண்ட கறியும் தின்ன வாயி. வூட்டுக்குள்ள யாரு வெச்சிக்குவாங்க? அதான் இதுங்களுக்குன்னு வெளிய வெச்சிட்டோம்." சிரித்தார்.

குடித்த காபி தொண்டைவரை வந்தது. ஆனாலும் என் கண் கிளாஸின் அடியைத்தான் தேடியது. வாயால் ஊதிச் செய்த பழைய கிளாஸுக்கு அடையாளமான, கம்பியை ஒடித்தெடுத்த தழும்பு இருக்கிறதா என்று.

கரும்புக் கொல்லையிலிருந்து ஒரு பெண் தண்ணீர் குடிக்க வந்தாள். "அத சாருக்குக் குடு" என்றார் அவர். அவள் கிளாஸை முந்தானையால் துடைத்துத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"அப்ப நாங்க எதுலங்க குடிக்கிறது?"

"ஏன், கையேந்திக் குடிச்சா எறங்காதா?"

நான் கிளாஸைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வெந்நீரில் சோடா உப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். மூன்றாம் முறைதான் கை நின்றது. மற்ற ஒன்பதையும் இப்படிக் கழுவினேனா? யார் யாரோ வெள்ளைக்காரன் எச்சில் பட்டவை. குழாயில் ஒருதரம் காட்டிவிட்டு, விருந்தாளிகளுக்கு அதில் சர்பத் கொடுத்துப் பெருமையடித்தவன் நான். அந்த விவசாயியைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது என்னைப் பார்த்தே வந்தது.

அடுத்த ஞாயிறு ஆறு எவர்சில்வர் டம்ளர் வாங்கிக்கொண்டு கரும்புக் கொல்லைக்கே போனேன். பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பாட்டிலில் அந்தப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க" என்றாள், டம்ளர்களைத் தொடாமலே. "ஏது இதுன்னு கேப்பாரு. அப்புறம் வேலைக்கு வராதன்னுடுவாரு."

டம்ளர்களோடு திரும்பினேன். கிளாஸை உடைத்துவிட வேண்டும் என்று இரண்டு முறை கையில் எடுத்தேன். அபூர்வமான சாமானாயிற்றே என்று இரண்டு முறையும் திரும்ப வைத்துவிட்டேன். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.