பார்சலில் போகாத பட்டியல்

போன செவ்வாய்க்கிழமை, பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலை பெக்டரியில் என் மானம் கப்பலேறப் பார்த்தது.

ஏலத்துக்குப் போகும் தேயிலையின் விவரங்களைக் கொழும்புத் தரகரின் வெப்சைட்டுக்கு அனுப்ப, பைதனில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். என் வீட்டுக் கம்பியூட்டரில் ஜோராக ஓடியது. அதையே பார்சல் கட்டி, பெக்டரிக் கம்பியூட்டரில் போட்டால்... ‘சர்டிபிகேட்டைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று நின்றுவிட்டது.

நாலு மணிக்குள் விவரம் போகாவிட்டால் அந்தத் தேயிலை இந்த வார ஏலத்தில் இல்லை. என்னைத் தோட்டத்து மேனேஜரான தொரையிடம் சிபாரிசு செய்த பெரிய கிளாக்கர் சவரிமுத்துவுக்கு முகமே வெளிறிவிட்டது.

“தம்பி, நம்ம ஆளு, நான் பொறுப்புன்னு தொரைகிட்ட சொல்லிட்டேன். இனி அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

தரகருக்கு போன் போட்டுக் கத்தினேன். கம்பியூட்டரின் தேதியைச் சரிபார்த்தேன். தப்பு நம்முடையது என்பது கடைசியில்தானே தோன்றும்?

“அந்தச் செக்கிங்க நிப்பாட்டிட்டா போயிருமா?” என்றார் கிளாக்கர்.

“போயிருங்க ஐயா. ஆனா தரகருக்குத்தான் போகுதான்னு சொல்ல முடியாது.”

“ஐயோ, வேணாம்!”

அப்போதுதான் உறைத்தது. அடையாள அட்டை கிடைக்காத தோட்டத்துப் பிள்ளைகள் ‘இவர் எங்கள் தோட்டத்து ஆள்’ என்று தொரையிடம் கடிதம் வாங்கிப் போவார்கள். பார்ப்பவருக்குத் தொரையின் கையெழுத்து தெரிந்திருந்தால்தானே அதற்கு மதிப்பு? வெப்சைட் காட்டும் சர்டிபிகேட்டும் அந்தக் கடிதம் மாதிரிதான். யார் யார் கையெழுத்தை நம்பலாம் என்ற பட்டியல் ஒரு தனி ஃபைல். நான் கட்டிய பார்சலில் புரோகிராம் இருந்தது – பட்டியல் இல்லை!

பென் டிரைவைத் துழாவினேன். பட்டியல் அதில் இருந்தது. புரோகிராமுக்குப் பக்கத்தில் அதை வைத்து, அது இருக்கும் இடத்தையும் புரோகிராமுக்குச் சொல்லி வைத்தேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் விவரம் போய்ச் சேர்ந்தது. கிளாக்கர் பிளேன்டீ வரவழைத்தார். பெருமை தாங்கவில்லை எனக்கு.

பெருமை திரும்பும் வழியில் இருந்த போலீஸ் செக்பாயிண்ட் வரைக்கும்தான். அடையாள அட்டை வீட்டில் கிடந்த வேறொரு சட்டைப் பையில்! இந்த நாட்களில் அது இல்லாமல் மாட்டினால் எப்போது வீடு திரும்புவோம் என்று யாருக்குத் தெரியும்?

“கவுத தன்னே?” – உன்னை யாருக்குத் தெரியும் என்று சிங்களத்தில் கேட்டார் கான்ஸ்டபிள்.

கிளாக்கருக்கு போன் போட்டுக் கொடுத்தேன். கிளாக்கரை அவருக்குத் தெரியாதாம். கிளாக்கர் ஓடிப்போய்த் தொரையிடம் போனைக் கொடுத்தார். தொரையின் குரல் கேட்டதும் கான்ஸ்டபிளின் முகம் மாறியது. “ஆ... மஹத்தயா!” என்று சிரித்து, எனக்கு வழிவிட்டார். அவர் நம்பும் பட்டியலில் தொரை இருந்தார்.

நல்லவேளை, அந்தக் கான்ஸ்டபிளைப் பார்சல் கட்டி அனுப்பியவன் நானில்லை.