காதுக்கு மேலே மூன்று கோடு

அந்த வட்டாரத்துக்கு ஒரே சலூன், அதில் வெட்ட ஒரே கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரியை எல்லோரும் மெஷின் அக்கா என்பார்கள். நாற்காலியில் தூங்கிப்போனவருக்குக் கனவு கலையாமல் வெட்டி முடிப்பாளாம். இருபது வருஷத்தில் ஒரே ஒரு காதுதான் கீறுபட்டது. அதுவும் காது நகர்ந்ததால் என்பாள்.

முனைத்தெருப் பையன்கள் ஏழு பேர் கூட்டம் சேர்ந்து, ஆளுக்கு மூன்று கோடு காதுக்கு மேலே வழிக்கச் சொன்னார்கள். புது ஸ்டைல் என்று நினைத்து அவளும் வழித்துவிட்டாள். மறுவாரமே பஸ் நிறுத்தத்தில் அடுத்த தெருப் பையனுக்குக் கத்திக்குத்து. பிழைத்துக்கொண்டான். குத்தியவன் தலையில் மூன்று கோடு என்று போலீஸ் சொன்னபோதுதான் அது ஸ்டைல் இல்லை, கூட்டத்தின் அடையாளம் என்று அவளுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை தங்கை மகன் வந்து நின்றான்.

"பெரியம்மா, ஞாயித்துக்கிழமை எனக்கும் மூணு கோடு போட்டுடுங்க."

கோடு வாங்கியவன் மறுநாள் கத்தியோடு அடுத்த தெருவுக்குப் போய்வர வேண்டும். அது அவர்கள் சட்டம். மாட்டேன் என்றால் வீட்டிலேயே பிளேடு எடுத்து வழித்துக்கொள்வான். வா என்று தலையாட்டி அனுப்பினாள்.

அன்று முதலில் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் தலையில் மொத்தமே முப்பது முடி. ஊர் பூரா அதே கோடு இருந்தால் அது கூட்டத்துக்கு அடையாளமாக இருக்காது என்று அவள் சொன்னதைக் கேட்டவர், அதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று காதை மடக்கிக் காட்டினார். அடுத்துத் தபால்காரர், ரொட்டிக்கடைக்காரர், பஸ் டிரைவர் என்று செய்தி காதோடு காதாகப் பரவியது. சனிக்கிழமைக்குள் நாற்பத்தொரு தலை. சலவைக்கடை நாயும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டது என்பார்கள்.

சனிக்கிழமை மாலை கூட்டத்தின் தலைவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அக்கா மெஷினைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"என்னக்கா இது, ஊர் பூரா எங்க கோட்டைப் போட்டு விட்டிருக்கீங்க?"

"கேட்டாங்க, போட்டேன். நீ கேட்டப்பவும் அப்படித்தானே போட்டேன்?"

"அதுக்காக எங்கம்மாவுக்குமா?"

"அவங்களா வந்தாங்கப்பா. நல்லா பளிச்சுன்னு தெரியுற மாதிரி போடச் சொன்னாங்க. என் பையன் கூட்டத்துல நானும் ஒரு ஆளு, இனிமே அவன் எங்க போனாலும் கூடப் போறேன்னாங்க."

அவன் கண்ணாடியைப் பார்த்துத் தன் கோட்டைத் தடவினான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மொத்தத்தையும் எடுத்துடுங்க என்று முனகினான். மொட்டைக்குப் பிறகு அவன் முகம் பத்து வயதுக்காரன் முகமாக இருந்தது.

மறுநாள் தங்கை மகன் வந்தபோது பெஞ்சில் வாத்தியாரும் தபால்காரரும் கோடு தெரிய உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். வா தம்பி, நம்ம ஆளா நீ என்று வாத்தியார் நகர்ந்து இடம் கொடுத்தார்.

அவன் உட்காரவில்லை. காது சிவந்துபோய் நின்றான்.

"பெரியம்மா, பின்னாடி மட்டும் கொஞ்சம் குறைச்சு விடுங்க, போதும்."

அக்கா துணியை உதறி அவன் கழுத்தில் கட்டினாள். அன்றைக்கு அவன் காது நகரவே இல்லை.