அரை அங்குல இறக்கம்

என் அக்காவுக்குக் கோடையில் தோட்டம், மழை தொடங்கினால் தையல். முப்பது வருஷமாக அப்படித்தான். இந்த வருஷம் மழை தொடங்கிப் பத்து நாளாகியும் அவள் தையல் அறையில் கால் வைக்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே வெட்டிய வேலிச்செடியையே திரும்ப வெட்டிக்கொண்டிருந்தாள்.

கோடைத் தொடக்கத்தில் அத்தான் இறந்துபோனார். தோட்டத்தில் கனமான வேலையெல்லாம் அதுவரை அவருடையது. மழைக்காலத்தில் அக்கா மெஷினில் உட்கார, அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பிழையான தையலைப் பிரித்துக் கொடுப்பார். "தைக்கத் தெரியாதவனுக்குப் பிரிக்கவாவது தெரியணும்" என்பார். அவர் போனபின் புல் வெட்டியது, கதவுக்கு வண்ணம் அடித்தது, பட்ட மரத்தின் வேரைத் தோண்டியது எல்லாம் அவளே.

"உள்ள வந்து தொலையேன். காய்ச்சல் வந்தா யார் பாக்குறது?" என்று கத்தினேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

கத்தரியை மடக்கிவிட்டுத் தையல் அறை ஜன்னலைக் காட்டினாள். "இங்க நின்னா, அவர் உள்ள ஸ்டூல்ல இருக்கார்னு நினைச்சுக்கிறேன். உள்ள வந்தா எங்க இருக்கார்னு நினைக்கிறது?"

நானும் பார்த்தேன். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. ஸ்டூல் இருந்த மூலை இருட்டாக இருந்தது. அங்கே யாரும் இல்லை என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

திங்கட்கிழமை அவள் மகன் முதல் வேலையில் சேர வேண்டும். அந்த நாளுக்கென்று அத்தான் வாங்கி வைத்த நீலத் துணி இருந்தது. ஒரு சட்டைக்குத்தான் காணும். கடையில் தைக்கக் கொடுக்கலாமே என்று மகன் சொன்னதும் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அவர் வாங்கின துணிய வேற யாரோ வெட்டுறதா?"

சனிக்கிழமை காலை மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஸ்டூல் பக்கம் திரும்பாமலே வெட்டினாள், தைத்தாள். மெஷின் சத்தம் கேட்டதும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாலையில் மகன் போட்டுப் பார்த்தான். இடது தோளில் சுருக்கம் விழுந்து காலர் மேலேறி நின்றது. மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. செடிகளுக்கு மருந்தடிக்கும் டேங்கைச் சுமந்து சுமந்து அத்தானுக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம். அவர் சட்டையில் மட்டும் துணியை உள்ளே மடித்து, அந்தத் தோளை இறக்கித் தைப்பாள். மகனுக்கு எல்லா அளவையும் நோட்டைப் பார்த்துத்தான் எடுத்தாள். தோளுக்கு வந்ததும் கை பழைய வழியிலேயே போய்விட்டது.

மகன் நல்ல பிள்ளை. இடது தோளை மெல்லத் தாழ்த்தினான். சுருக்கம் மறைந்தது. சட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. ஜன்னலைப் பார்த்துத் திரும்பினான். பின்னாலிருந்து பார்த்தேன். அங்கே நின்றது அத்தான்.

"சரியாத்தாம்மா இருக்கு" என்றான்.

"நிமிர்ந்து நில்லு." என்றாள் அக்கா. "கழட்டு அதை."

"இப்படியே இருக்கட்டும்மா. எனக்குப் பிடிச்சிருக்கு."

"கழட்டுடா. நீ தோளைச் சாய்ச்சு நிக்கிறப்பல்லாம் அவர் வருவார். நிமிர்றப்பல்லாம் போவார். ஒரு தடவை போனதையே என்னால தாங்க முடியல."

அவன் கழற்றிக் கொடுத்தான். அதை மேசையில் விரித்துத் தோள் தையலை விரலால் தடவினாள். பிறகு முதல்முறையாக மூலையைப் பார்த்தாள். எழுந்துபோய் ஸ்டூலை இழுத்து வந்து மெஷின் பக்கத்தில் போட்டாள்.

"மரம் மாதிரி நிக்காத. இதுல உக்காந்து அந்தத் தோளைப் பிரி" என்றாள் என்னிடம்.

எனக்குப் பயமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.