அம்முலு வூடு

சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால் போதும், அம்முலு மாவுக் கையோடு ஓடி வந்துவிடுவாள். "யாரக் கேட்டு அடிக்கிற?" செங்கேணி சட்டையைத் தோளில் போட்டபடி அசடு வழிவான். அவன் அடித்த ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே ஓட்டையில் தன்னுடைய ஆணியைத் தானே அடித்துக் கொடுப்பாள். அதில் சட்டையை மாட்டிக்கொள்ள அவனுக்குத் தடையில்லை.

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில், புருஷன் செத்துப் போனபின் இட்லி மாவு விற்று அவள் கட்டிய தளம் போட்ட வீடு அது. கிரைண்டர் மோட்டாரைப் பழுது பார்க்க வந்த செங்கேணி மூன்று வருஷமாகத் திரும்பிப் போகவில்லை. தாலி வேண்டாம் என்றவள் அவள்தான். "அத்தக் கட்டிக்கினா வூட்டயும் சேத்து அவன் கையில குட்த்த மாரி ஆயிடும்" என்பாள்.

அவன் மேல் ஆசை இல்லாமல் இல்லை. மீன் குழம்பில் நடுத்துண்டு அவனுக்குத்தான். ஆனால் அந்த வீடு அவனிடம் குழைவதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரிகிறது. அவள் எட்டி உதைத்தால்தான் திறக்கும் பின்கதவு, அவன் விரல் பட்டதும் திறக்கிறது. "எண்ண வுட்டன், அம்மு" என்கிறான். எண்ணெய் தன்னுடையது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மனசு கேட்காமல் உத்திரமேரூர் வக்கீலிடமே போனாள். "வீடு உன் சம்பாத்தியம், பத்திரம் உன் பேர்ல இருக்கு. எத்தனை வருஷம் கூட இருந்தாலும் அவருக்கு ஒரு செங்கல்கூடச் சேராதும்மா" என்றார். மனம் குளிர்ந்துபோய் ஷேர் ஆட்டோவில் ஏறி, "மாவுக்கார அம்முலு வூட்டாண்ட நிறுத்துப்பா" என்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்தான். "நம்ம செங்கேணி அண்ணன் வூடுதான?"

அதிலிருந்து பால்காரர் வாயிலும் சிலிண்டர்காரர் வாயிலும் அதே பெயர்தான் அவள் காதில் விழுந்தது. எதிர்வீட்டுத் தேவகியிடம் பொரிந்து தள்ளினாள். "பத்திரத்த ரிஜிஸ்டர் ஆபீசு ஒத்துக்கினுச்சி. இந்த ஊரு வாய எந்த ஆபீசுல போயி ரிஜிஸ்டர் பண்றது?" தேவகி முந்தானையில் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

நேற்றுக் காலையில் வெளியூர்க்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் வண்டியை நிறுத்தினார். "ஏம்மா, மெக்கானிக் செங்கேணி வூடு எது?"

செங்கேணி உள்ளே நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்முலு கையை நீட்டி ஏரிப் பக்கம் காட்டினாள். காட்டிக்கொண்டே, வாசலில் கிடந்த அவன் செருப்பைக் காலால் கதவுக்குப் பின்னே தள்ளினாள்.