கண்ணாடி முன்னால் அம்மா

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா சிறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பிறகு கறுப்பு வெள்ளைப் படங்களில் சிரிப்பு வேஷம் கட்டியவர். வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரி, திருடித் தின்னும் சமையற்காரி. எப்போதும் ஒட்டுப் போட்ட புடவைதான். ஒரே ஒரு படத்தில் பட்டு உண்டு. வேலைக்காரியாக வரும் அம்மா, எஜமானியின் பட்டுப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஒய்யாரமாக நிற்பார். பின்னால் எஜமானி வந்து நிற்பது கண்ணாடியில் தெரியும். அப்போது அம்மா முழித்த முழிக்குக் கொட்டகையே அதிர்ந்ததாம்.

அதற்குப் பிறகு அம்மா பட்டு கட்டவில்லை. நான்கு பக்கமும் தறிச் சத்தம் கேட்கும் தெருவில் குடியிருந்தும் கட்டவில்லை. கட்டினால் சிரிப்பார்கள் என்பார்.

போன தையில் என் மகனுக்கு நிச்சயதார்த்தம். முந்தின நாள் அம்மாவே கேட்டார்.

“எனக்கும் ஒரு பட்டு எடும்மா. எண்பது தாண்டிட்டேன். இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கப் போவுது? சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னாடி ஒரு தடவ பெரிய மனுஷியா உக்காரணும்.”

கடையில் அரக்கு நிறத்தில் சின்னக் கரை வைத்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார். புடவை எடுத்துப் போடும் பெண் அதை அம்மாவின் தோளில் சார்த்திக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். அம்மா தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார். நான் அதுவரை பார்த்திராத முகம்.

அந்தப் பெண் கத்தினாள். “ஐயோ, ஆயா! நீங்களா அது? அந்தக் கண்ணாடி சீனு போன்ல தினம் வருதே! யக்கா, இங்க ஓடியா, அந்த முழி ஆயா வந்துக்கிறாங்க!”

புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். போன்கள் உயர்ந்தன.

“ஒரே ஒரு முழி, ஆயா!”

அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எங்கம்மா புடவை எடுக்க வந்திருக்காங்க, விடுங்க என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

“பண்ணிடும்மா, போலாம்” என்றேன்.

அம்மா முழித்தார். படத்தில் முழித்த அதே முழி. கடை முழுவதும் கைதட்டல். பிறகு தோளிலிருந்த புடவையை எடுத்து, மடிப்புக் கலையாமல் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

“நல்லா இருக்குது. வேற யாருக்காச்சும் குடும்மா.”

ஆட்டோவில் நான் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். “பூவுக்குச் சொல்லிட்டியா?” என்று மட்டும் அம்மா கேட்டார்.

மறுநாள் நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. அம்மா நீல நூல் புடவை கட்டியிருந்தார்.