நகர வேண்டிய கிழவர்

அந்த வருஷங்களில் ரங்கூனில் பாட்டு எழுதுவதென்றால் பாதி வேலை மெட்டை இரவல் வாங்குவதுதான். வெளிநாட்டு மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு பர்மியச் சொற்களைப் போட்டு நிரப்புவார்கள். கோப்பி தச்சின் என்று அதற்குப் பெயர். அதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. என் தம்பியும் அப்படிப் பாடி ஒரு கேசட் போட்டுவிடத் துடித்தான்.

அப்பா போன பிறகு அவனை ஆளாக்கியவள் நான். ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் ஆங்கில டீச்சர். பரீட்சை எழுதி கிளார்க் வேலைக்குப் போ என்று தினமும் அவனை நச்சரித்தவளும் நானே. "கிளார்க்கு வேலையெல்லாம் எனக்கு ஆகாதுக்கா. நீ வார்த்தையப் போடு, நான் பாடுறேன்" என்பான். கோபமாக வரும். ஆனாலும் உட்கார்ந்து சொல் போட்டுக் கொடுப்பேன்.

ஒரு நாள் லத்தா கடைத்தெருவிலிருந்து பழைய ராக் அண்ட் ரோல் கேசட் ஒன்றைக் கொண்டுவந்தான். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. அதில் இரண்டு மூன்று பாட்டுகள் ஐரோப்பாவின் பழைய இசைமேதைகளை வம்புக்கு இழுத்தன. ஒன்று ஒரு ஜெர்மன்காரரைப் பியானோவை விட்டு எழுந்திருக்கவே சொன்னது. காதலியைப் பாட வேண்டிய வயதில் இந்தப் பையன்களுக்குச் செத்துப்போன ஜெர்மன்காரரோடு என்ன வழக்கு? நம் கீர்த்தனைக்காரர்களை ஒருவன் இப்படிச் சீண்டினால் எங்கள் கோயில் பஜனைக் கோஷ்டி சும்மா விடுமா?

பள்ளி நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைத் தேடிப் புரட்டினேன். மனிதருக்குக் காது கேட்காது, மூக்குக்கு மேல் கோபம் வரும் என்றிருந்தது. படத்திலும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அந்த மெட்டுக்கே தம்பிக்காகச் சொல் போட்டேன். அவர் பெயர் மட்டும் பர்மியப் பாட்டில் உட்கார மறுத்தது. அதனால் 'அபோஜி' என்று போட்டேன். கிழவரே என்று அர்த்தம். 'அபோஜி, கொஞ்சம் நகருங்கள், நாங்களும் உட்கார வேண்டும்' என்று பல்லவி அமைந்தது. அச்சில் வார்த்தாற்போல மெட்டில் உட்கார்ந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கேசட் வெளிவர எல்லாப் பாட்டும் தணிக்கைக்குப் போக வேண்டும். மற்றவை திரும்பி வந்தன. இது வரவில்லை. எழுதியவரும் பாடுபவரும் நேரில் வரும்படி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேசட் போடவிருந்த நாகூர்க்கார முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். "இந்தப் பாட்டு இல்லாம கேசட் ஓடாது, சயாமா. பாஸ் ஆகலன்னா நான் வேற பாடகரப் பாத்துக்குவேன்" என்றார். டீச்சரம்மாவை எங்கள் ஊரில் சயாமா என்பார்கள், ஆண்களை மரியாதையாகச் சயா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகரச் சொல்லத்தக்க கிழவர்கள் எங்கள் நாட்டு ஆட்சியிலும் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி வீட்டுக்குள்கூட யாரும் வாய் திறப்பதில்லை. ஆனாலும் தம்பியைக் கூட்டிக்கொண்டு தணிக்கை அலுவலகத்துக்குப் போனேன்.

தணிக்கை அதிகாரி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பர்மியத்தில் கேட்டார். "யார் இந்தக் கிழவர்?"

ஜெர்மன்காரரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

"இப்ப எங்க இருக்கார்?"

"செத்து ரொம்ப காலமாச்சு, சயா."

"செத்தவரை எதுக்கு நகரச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. நானும் இத்தனை நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றியது. செத்த பிறகும் அவர் இடத்தைக் காலி செய்யவில்லை, அதனால்தான். அதை அந்த அறையில் சொன்னால் வீடு திரும்ப முடியாது.

அதிகாரி தம்பியைப் பாடச் சொன்னார். அவன் மேஜை விளிம்பில் தாளம் தட்டிப் பாடினான். முதலில் குரல் நடுங்கியது. பிறகு பயம் போய்விட்டது. அவன் இவ்வளவு நன்றாகப் பாடுவான் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு நாளும் நான் ஒழுங்காகக் கேட்டதில்லை. அதிகாரியின் வாய் மெல்வதை நிறுத்தியிருந்தது.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. கிழவர் வேண்டாம். வேற யாரையாவது போடுங்க, கோபப்படாத ஆளா."

தம்பி என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"மமான்னு போட்டுடலாம், சயா" என்றேன். அக்கா என்று பொருள்.

"யாரோட அக்கா?"

"இவனோட அக்கா. நான்தான்."

அதிகாரி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவன் பாடினா நீங்க நகர்ந்துடுவீங்களா, சயாமா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். தம்பி சிரிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"நகர்ந்துடுறேன்டா" என்று அவனைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.