தேயாத விளிம்பு

என் அண்ணன் செய்த பேஸ் கிட்டாரைக் கெடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலவுக்கு மேலே, நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிற்சாலையில் அண்ணன் தேயிலைப் பெட்டி அடிக்கும் தச்சன். நான் அதே தொழிற்சாலையில் தூளிலிருந்து காம்பு பொறுக்குகிறவள். அப்பா இறந்தபிறகு, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரே அறையில் அம்மாவும் நாங்கள் இரண்டு பேரும். பதுளையில் கலியாண வீடுகளுக்கு வாசிக்கும் ஒரு குழு, பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் தேடியது. வாத்தியத்தோடு வருகிறவனாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்களாம். அந்த இடம் கிடைத்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வருடம் முழுவதும் அண்ணனின் ஒரே பேச்சு.

பத்திரிகைப் படம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து, புதுப் பலாப் பலகையில் அவனே ஒன்றைச் செய்தான். வார்னிஷ் பூசிக் காயவைத்ததும் அது மஞ்சள் தேய்த்துக் குளித்த கலியாணப் பெண்ணாட்டம் மின்னியது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"இதக் கொண்டுபோனா, பெட்டி அடிக்கிறவன் பெட்டி ஒண்ணு கொண்டாந்திருக்கான்னு சிரிப்பானுங்க. கொஞ்சம் பழசாக்குண்ணே. சீமையில இருந்து வந்த பழைய சாமான்னு நினைச்சுக்குவாங்க."

"பலா தானாக் கறுக்கும் தங்கச்சி. கை பட்டுப் பட்டு வார்னிஷும் தானாத் தேயும். என்ன அவசரம்? நான் இங்கதானே இருக்கப் போறேன்."

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, கை எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த விளிம்பைச் செங்கல் தூளாலும் தேங்காய் நாராலும் பாத்திரம் துலக்குவதுபோலத் தேய்த்தேன். மரம் தெரிந்ததும் கறுப்பாகக் காய்ச்சிய தேயிலைச் சாயத்தைத் துணியில் நனைத்து ஒற்றினேன். நன்றாகத்தான் வந்தது. இருபது வருடம் ஒருவன் வாசித்த வாத்தியம் என்றால் யாரும் நம்புவார்கள்.

அண்ணன் வந்தான், பார்த்தான், கிட்டாரை எடுத்து, கழுத்து வலப்பக்கம் வரும்படி மடியில் வைத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் இடது கைக்காரன். எழுதுவது, ஆணி அடிப்பது, கம்பி மீட்டுவது எல்லாம் இடது கை. நான் என் வலது கை விழுந்த இடத்தைத் தேய்த்திருந்தேன். அவன் மடியில் அந்தத் தழும்பு கீழே கிடந்தது. அவன் கை விழும் விளிம்பு பளபளவென்று புதிதாக இருந்தது.

ஒரு அறை கொடுத்திருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன். அவன் சிரித்துவிட்டான். பதுளையில் குழுவின் பெரியவர் தழும்பைத் தடவி, "இது யாரு வாசிச்சதுப்பா?" என்று கேட்டாராம். "எங்கப்பாங்க" என்றானாம். எங்கள் அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தவிர எதையும் பிடித்தவரில்லை. ஆனாலும் அண்ணனுக்கு இடம் கிடைத்தது.

எட்டு மாதம்தான் வாசித்தான். அதற்குள் பிரஜாவுரிமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தலைப் பிரசவத்துக்கு அம்மா தாய்வீட்டுக்குப் போனதால் இந்தியாவில் பிறந்தவன் அவன். மூன்று மாதக் குழந்தையாகத் தோட்டத்துக்கு வந்தவன். அன்றிலிருந்து இங்கேயே இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சியாகப் பழைய கடதாசி கேட்டார்கள். யாரிடம் இருக்கிறது?

"கிட்டாரப் பழசாக்கினியே, அதுமாதிரி ஒரு கடதாசியையும் சாயத்துல முக்கித் தாயேன்" என்றான். கேலியாகத்தான் சொன்னான். நான் அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எனக்கும் அம்மாவுக்கும் விசாரணை முடிவு வரவில்லை. அவனுக்கு வந்தது: இல்லையென்று. இந்தியாவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஹாலிஎல ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது கிட்டாரை என் கையில் கொடுத்தான்.

"கொண்டுபோண்ணே, அங்க வாசிக்கலாம்" என்றேன்.

"வேணாம். இதாவது இங்கயே இருந்து பழசாகட்டும்."

முதல் வருடம் இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. நான் எழுதியவை விலாசதாரர் இல்லையென்று திரும்பி வந்தன.

கிட்டார் என்னிடம்தான் இருக்கிறது. வாசிக்கத் தெரியாது. துடைக்க எடுத்து மடியில் வைத்தால், நான் தேய்த்த இடத்திலேயே என் கை சரியாக விழுகிறது. பலா அவன் சொன்னபடியே தானாகக் கறுத்துவிட்டது. அவன் கை தேய்த்திருக்க வேண்டிய விளிம்பில் மட்டும் வார்னிஷ், அவன் பூசிய அன்று இருந்ததுபோல, ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறது.